நாய்க்கடிக்கு நான் சொன்ன ஆறுதல்

பிள்ளைகளே, இதை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. நம் புத்தூர்ப் பக்கம் மெட்ராஸோடு சேருமா ஆந்திராவோடு சேருமா என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருஷம். யாரைப் பார்த்தாலும் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன்.

பக்கத்துக் கழனி முனுசாமியின் மகள் வள்ளியை நாய் கடித்துவிட்டது. அவன் வந்து சொன்னபோது, களை பிடுங்கியபடியே, "பயப்படாதப்பா, ஏசு பாத்துக்குவாரு" என்றேன். ஊசியைப் பற்றி நினைக்கவே இல்லை.

நான்காம் நாள் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனியா?"

"நீதானேண்ணா சொன்ன, அவரு பாத்துக்குவாருன்னு? உன் பேச்சை நம்பித்தான் இருக்கறோம்."

"அந்த நாய்?"

"நுரை தள்ளிக்கினு திரிஞ்சுது. நேத்து செத்துப்போச்சு."

உடனே வள்ளியையும் அழைத்துக்கொண்டு மூவரும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். "இப்ப ஜெபம் பண்ணேண்ணா" என்றான் முனுசாமி. நான் எழுந்து போய், சீக்கிரம் ஓட்டச் சொல்லி டிரைவரைக் கெஞ்சினேன்.

தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி போட்டார்கள். தாமதமாக வந்ததால் உறுதி சொல்ல முடியாது, தண்ணீரைக் கண்டு மிரண்டால் பிழைக்கமாட்டாள் என்றார் டாக்டர். அதன்பின் பல மாதம், தினமும் காலையில் முனுசாமி வீட்டுக்குப் போய் நின்றேன். வள்ளி செம்பைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வரும்.

"இன்னா பெரீப்பா, நான் தண்ணி குடிக்கறது அவ்ளோ வேடிக்கையா?" என்று சிரிப்பாள். என்னால் சிரிக்க முடியாது.

அவள் பிழைத்தாள். இப்போதும் இயேசுவைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால் கஷ்டத்தில் இருப்பவரிடம் அவர் பெயரைச் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பியும் விடுகிறேன்.