விக்டோரியாவின் எலிகளும் என் எலிகளும்

விக்டோரியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது எனக்குக் கஷ்டம். இருந்தாலும் சொல்கிறேன். மீஞ்சூர்க்காரி. அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இவள் பன்னிரண்டாவது பாஸ். என்னைவிட நாலு வயது சின்னவள், என்னைவிட நிறம், என்னைவிட நீளமான முடி. எல்லாமே என்னைவிடத்தான். மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் இருவரும் ஒரே நாளில் கான்ட்ராக்டில் சேர்ந்தோம். எலிகளைப் பராமரிக்கிற வேலை.

2009 கடைசியில் ஒரு மருந்து வந்தது. கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடுகிற மருந்துதானாம். அதைத் தின்ற எலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருந்ததாக அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். ஆயுள் கூடட்டும், உடம்புக்கு வேறு கெடுதல் வருமா என்று பார்ப்பது எங்கள் டாக்டர் துளசிராமனின் வேலை. விக்டோரியாவின் இருபது எலிகளுக்கு மருந்து. ஒப்பிட்டுப் பார்க்க, என் இருபதுக்கு வெறும் தீவனம். முடிந்ததும் எங்களில் ஒருத்தியை பர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னார்.

யார் வந்தாலும் நேராக அவள் கூண்டுகளுக்குத்தான் போவார்கள். போட்டோ எடுப்பார்கள். என் எலிகளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீக்குக் கொடுக்கிற பிஸ்கட்டை நான் தின்னாமல் தினமும் காலையில் என் எலிகளுக்குப் போட்டேன். என்னைக் கண்டாலே கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். எல்லாம் கொழுகொழுவென்று ஆயின.

மூன்றாம் மாதம் வாலில் குத்தி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். அவள் எலிகளுக்கு ஏகத்துக்கு ஏறியிருந்தது. என் எலிகளுக்கும் ஏறியிருந்தது.

"ரெண்டு பக்கமும் ஏறியிருக்கு. அப்போ மருந்தால இல்ல. தீவனத்துலதான் கோளாறு" என்றார் டாக்டர்.

"சார், என் எலிங்க ரொம்ப தண்ணி குடிக்குதுங்க" என்றாள் விக்டோரியா. "கீழ போட்ற உமி ஒரே நாள்ல நனைஞ்சிடுது. எறும்பு மொய்க்குது. கலாக்கா கூண்டுல ஒரு எறும்புகூட இல்ல சார்" என்று என் கூண்டுகளைக் காட்டினாள்.

"எறும்பு வர்ற மாதிரி வச்சிருந்தது யாரு? நீ ஒழுங்கா உமி மாத்தல."

அவள் கண் கலங்கியது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், வேலை எனக்குத்தான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உன் எலிங்களும் அவளுது மாதிரியே சீக்குதான் சந்திரகலா, பாவம்."

அவளுது மாதிரியா?

"என் எலிங்களுக்கு ஒரு சீக்கும் இல்ல சார்!" என்று கத்திவிட்டேன். "நான்தான் தெனம் பிஸ்கட் போட்டேன். சீக்கு அவ எலிங்களுக்குத்தான்!"

மனசாட்சி உறுத்தியது என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறாமைதான். அன்றைக்கே என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ரயில்வே ஸ்டேஷனில் விக்டோரியாவைப் பார்த்தேன். கழுத்தில் பர்மனென்ட் ஆட்களுக்கான கார்டு.

"உங்க எலிங்களுக்கு சுகர் இறங்கிடுச்சுக்கா. பிஸ்கட்ட நிறுத்துனதும் நல்லாயிடுச்சுங்க. என்னுதுங்களுக்குத்தான் இறங்கல. மருந்தாலதான்னு சார் எழுதிட்டாரு. நீங்க அன்னிக்கு சொல்லலன்னா தெரிஞ்சே இருக்காது."

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. "என் எலிங்கள இப்ப யாரு பாத்துக்கினுகீறாங்க?"

"நான்தாங்க்கா. இன்னா சமத்து தெரியுமா? என்னக் கண்டாலே கம்பியப் புடிச்சிக்கினு எழுந்து நிக்குதுங்க."

வேலை போன அன்றுகூட நான் அழவில்லை.