பெரியவருக்கு ஏழு மணி ஊசி

லேபிளம்மாவுக்குக் கோணல் என்றால் ஆகாது. இருமல் மருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் புட்டிகள் வரிசையாக ஓடுகிற பட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, புட்டியில் ஒட்டிய லேபிள் நேராக இருக்கிறதா, உள்ளே இருப்பதும் வெளியே எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்த கண் அது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் சுவர்ப் படம் சாய்ந்திருந்தால்கூட, முதலில் எழுந்து அதை நிமிர்த்திவிட்டுத்தான் அழுவாள். "உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு இருக்கக் கூடாது" என்று நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வாள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கம்பெனியிலும் சரி, தெருவிலும் சரி, அவள் லேபிளம்மாதான்.

அப்படிப்பட்டவளின் வேலைக்கு ஒரு கேமரா வந்து உலை வைத்தது. நிமிஷத்துக்கு முந்நூறு புட்டி பார்க்குமாம். டீ கேட்காதாம், லீவு கேட்காதாம். கம்பெனிக்காரர்கள் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து, கைதட்டி அனுப்பிவிட்டார்கள். கடிகாரத்தில் கம்பெனிப் பெயர் கோணலாக ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்து நேராக ஒட்டினாள். பிறகு உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். வயது ஐம்பத்து நான்கு.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஆள் ஆஜானுபாகு. அவருடைய பென்ஷன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். ஓசி என்ற பூனை ஒன்று உண்டு. பெயருக்கேற்ற மாதிரி ஓசியில் தின்று, ஓசியில் தூங்கி, யாருக்கும் ஒரு உபகாரமும் செய்யாமல் காலம் தள்ளியது. அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. பிரச்சினை பெரியவர்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், நரைத்த மூஞ்சியும் தொங்கின காதுமாக ஒரு நாய் வாசலில் வந்து நின்றது. டிரைவர் பஸ்ஸில் பயணியை ஏற்றுகிற பழக்கத்தில், "வாங்க பெரியவரே, உள்ள வாங்க" என்றார். அதுவும் வந்துவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. பெரியவர் என்று கூப்பிட்ட பிறகு, "பெரியவர் வந்துச்சு, பெரியவர் தின்னுச்சு" என்று எந்த வாய் சொல்லும்? பெரியவர் வந்தார், சாப்பிட்டார், தபால்காரரைப் பார்த்துக் குரைத்தார். தெருவே அப்படித்தான் சொன்னது. நாமும் அப்படியே சொல்லிவிடுவோம், வம்பு எதற்கு.

போன வருஷம் பெரியவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. ஒரு கண்ணில் புரை விழுந்தது. பிராணி டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "காலைல ஏழு மணி, சாயங்காலம் ஏழு மணி. சாப்பாடு குடுத்துட்டு ஊசி. ஒரு வேளை கூட தவறக் கூடாது. தவறினா நான் பொறுப்பில்ல." மருந்துக்கும் தனிச் சாப்பாட்டுக்கும் ஆகிற செலவை லேபிளம்மா சம்பளம் தாங்கியது. இப்போது சம்பளம் இல்லை. சரி, ஊசியையாவது டிரைவர் போடுவாரா என்றால், அவர் முப்பது வருஷம் மலைப் பாதையில் பஸ் ஓட்டின மனிதர், ஊசியைக் கண்டால் மட்டும் அப்படியே சரிந்துவிடுவார். ஒரு தடவை முயற்சி செய்தார். பெரியவர் சும்மா நின்றார், இவர்தான் தரையில் கிடந்தார்.

ஆக, லேபிளம்மாவுக்கு ஒரு வேலை வேண்டும். அந்த வேலை சாயங்காலம் ஆறு மணிக்கு அவளை விட்டுவிடவும் வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் வேலை கேட்டாலே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆறு மணிக்குப் போகணும் என்றால் கேட்கவே வேண்டாம்.

நேர்காணலுக்குப் போக டிரைவர் அவள் தலைக்குச் சாயம் பூசிவிட்டார். காதுக்கும் சேர்த்துப் பூசிவிட்டார். கறுத்த காதோடு அவள் ஒரு பெரிய கடைக்குப் போனாள். அங்கே மீசை முளைத்தும் முளைக்காத ஒரு அதிகாரி, "அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள நீங்க எங்க பாக்கறீங்க?" என்று கேட்டான். "கண்ணாடியிலதான் தம்பி" என்றாள். அந்த வேலை அதோடு போயிற்று. போன் பேசுகிற கம்பெனியில், குரலிலேயே சிரிக்க வேண்டும் என்றார்கள். சிரித்துக் காட்டினாள். பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். துணிக்கடையில் ஒன்பது மணிவரை நிற்கச் சொன்னார்கள். இப்படி மூன்று மாசம். குளிர்பெட்டியில் ஊசி மருந்து கடைசிப் புட்டிக்கு வந்துவிட்டது. அதைத் தினமும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று விரல்விட்டு எண்ணுவாள்.

அப்போதுதான் பார்சல் கிடங்கில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். பார்சல் மேல் முகவரி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவளுக்காகவே செய்துவைத்த மாதிரி இருந்தது. மேனேஜர் நாற்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். படிவத்தை வைத்துக்கொண்டு அவரே கேட்டுக் கேட்டு எழுதினார்.

"வீட்ல யார் யாரும்மா?"

"வீட்டுக்காரர் சார். அப்புறம் பெரியவர்."

"பெரியவருக்கு என்ன வயசு?"

"சரியா தெரியாது சார். கணக்குப் பாத்தா எண்பது இருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

"உடம்பு எப்படி?"

கேட்டதுதான் தாமதம், லேபிளம்மா மடை திறந்தாள். "சர்க்கரை சார். ஒரு கண்ணு போயிடுச்சு. காலைல ஏழு, சாயங்காலம் ஏழு, நான்தான் ஊசி போடணும். வேற யாரையும் கிட்ட விட மாட்டாரு. அதனாலதான் ஆறு மணிக்கு விட்டுடுங்கன்னு கேக்கறேன்."

"பேச்செல்லாம் வருமா?"

"பேச்சு ஏது சார். வாயில்லா ஜீவன். ஆனா நாம சொல்றது எல்லாம் புரியும். கண்ணாலயே பேசுவாரு."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. "எங்கப்பாவுக்கும் கடைசில பேச்சு போயிடுச்சும்மா. நான் வேலை வேலைன்னு இங்கயே கிடந்தேன். பக்கத்துல இருக்க முடியல." பிறகு பேனாவை எடுத்து எழுதினார். "நீங்க ஆறு மணிக்குக் கிளம்புங்க. நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க. இந்தக் காலத்துல மாமனார இப்படிப் பாத்துக்கற மருமகளைப் பாக்கறது கஷ்டம்."

மாமனாரா! லேபிளம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருஷமாக வாயில் ஊறிப்போன 'அவரு' இப்படி ஆளைக் கவிழ்க்கும் என்று யார் கண்டது? வாயைத் திறந்தாள். குளிர்பெட்டியில் இருக்கிற கடைசிப் புட்டி கண்முன்னால் வந்து நின்றது. திறந்த வாயை, "ரொம்ப நன்றி சார்" என்று மூடினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் பார்த்தும் பாராமல் விட்ட முதல் தப்பு லேபிள் அதுதான்.

வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. முதல் வாரத்திலேயே, கத்தரிக்கோல் வாங்கினவருக்குக் கட்டில் போக இருந்ததைப் பிடித்தாள். ஆனால் டீ நேரம் வந்தால் போதும், பக்கத்து மேசைக்காரி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"பெரியவர் சாப்பிட்டாராக்கா?"

"ஆச்சு. தட்டை நக்கியே வச்சுட்டாரு."

"பசி பாவம். நடக்க வைக்கறீங்களா?"

"அதெல்லாம் அவரே வெளிய கெளம்பிடுவாரு. ஆனா பத்தடிக்கு ஒரு தடவ நின்னுடுவாரு."

"சர்க்கரைன்னா அப்படித்தாங்க்கா, அடிக்கடி வரும். கூச்சப்பட்டு ஒரு ஓரமா ஒதுங்குவாங்க பாவம்."

"அவருக்குக் கூச்சமெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, லேபிளம்மா டீயைச் சுடச்சுட வாயில் ஊற்றிக்கொள்வாள். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. சொன்னது அத்தனையும் நிஜம். மொத்தமாகச் சேர்த்தால் மட்டும் பச்சைப் பொய். எந்நேரமும் நெருப்பை மடியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாசம் போயிற்று. மருந்து வந்தது, தனிச் சாப்பாடு வந்தது, அதில் பாதியை ஓசி தின்றது. பெரியவர் உடம்பு தேறி, தபால்காரரிடம் பழைய விரோதத்தைப் புதுப்பித்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் ஒரு வியாழக்கிழமை மேனேஜர் ஒரு பையோடு அவள் மேசைக்கு வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர்.

"எங்கப்பாவோடது. மூணு வருஷமா பெட்டியில கிடக்கு. யாருக்கும் குடுக்க மனசு வரல. உங்க பெரியவர் போட்டுக்கட்டும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து அவரையும் ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

லேபிளம்மா வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெரியவருக்கு ஊசியைப் போட்டுவிட்டு, விஷயத்தை டிரைவரிடம் கொட்டினாள். டிரைவர் தொடையைத் தட்டினார்.

"இதுக்குப் போயா இப்படி முகத்தைத் தூக்கி வச்சிருக்க? நான் பெரியவரா படுத்துக்கறேன். கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டு, ஒரு கண்ணை மூடிக்கறேன். பேசாம படுத்திருக்கணும், அவ்வளவுதான?"

"நீங்க? பேசாம?"

"ஏன், முடியாதா? பஸ்ல 'டிரைவரிடம் பேசாதீர்கள்'னு எழுதிப் போட்டிருந்தாங்க."

"அது அவங்களுக்கு. நீங்க வாயை மூடினதா சரித்திரமே இல்ல. சரி, மனுஷன் சாயங்காலம் வரேன்னு சொல்லியிருக்காரு. ஏழு மணி வரைக்கும் உக்காந்திருந்தார்னா, ஊசிய யாருக்குப் போடறது?"

டிரைவருக்கு முகம் வெளுத்தது. பெரியவரைப் பார்த்தார். பெரியவர் நல்ல கண்ணால் இவரைப் பார்த்தார். "எதுக்கும் ஒத்திகை பாத்து வைக்கறேன்" என்றார் டிரைவர், சுரத்தே இல்லாமல்.

லேபிளம்மா ஸ்வெட்டரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜர் மடித்த மடிப்போடு பையிலேயே இருந்தது. வேலை போனால் பெரியவருக்கு மருந்து இல்லை, அது தெரியும். ஆனால் செத்துப்போன ஒரு தகப்பனின் ஸ்வெட்டரை இப்படி வாங்கி வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சோறு தின்பது? வெள்ளிக்கிழமை முழுக்க இதே யோசனை. அன்றைக்கு மூன்று பார்சலில் முகவரி தலைகீழாக ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் விட்டாள். கிடங்கே அவளுக்குக் காய்ச்சலோ என்று பயந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பையை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள்.

"சார், ஒரு லேபிள் தப்பா ஒட்டிடுச்சு."

"எந்தப் பார்சல்மா?"

"எங்க வீட்டுப் பார்சல் சார். பெரியவர் எங்க மாமனார் இல்ல. எங்க மாமனார் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு. பெரியவர்..." பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பெரியவர் எங்க வீட்டு நாய் சார்."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நாயா?"

"ஆமா சார்."

"ஒரு நாய்க்கா நான் எங்கப்பா ஸ்வெட்டரைக் குடுத்தேன்?"

"போடல சார். சத்தியமா போடல. மடிப்புக் கூட கலையல, பாருங்க." பையை மேசைமேல் நேராக வைத்தாள். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். மருந்து தீரப் போகுதுங்கற பயத்துல வாயை மூடிக்கிட்டேன். தப்புதான். திங்கக்கிழமை வர வேண்டாம்னா வரல. ஆனா பெரியவருக்குச் சர்க்கரைன்னு சொன்னது, ஊசி போடறது, அதெல்லாம் நிஜம் சார்."

மேனேஜர் அலமாரியிலிருந்து அவளுடைய படிவத்தை உருவினார். உறவு என்ற இடத்தில் 'மாமனார்' என்று இருந்தது. எழுத்து அவருடையது. விரலால் அதைத் தடவினார். "நீங்க எங்கயும் மாமனார்னு சொல்லல, இல்ல?" என்றார்.

"சொல்லல. நீங்க சொன்னப்ப இல்லன்னும் சொல்லல."

"பேச்சு வருமான்னு கேட்டேன். வாயில்லா ஜீவன்னீங்க." அவர் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. சிரிப்பா, கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அது வீட்ல எப்படி இருக்கும்? நீங்க வர்ற வரைக்கும் அது என்ன பண்ணும்?"

அது. அந்த ஒரு சொல் லேபிளம்மாவைச் சுருக்கென்று குத்தியது. குத்தட்டும், நமக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். "வாசல்ல உக்காந்திருப்பாரு சார். அஞ்சரைலருந்தே உக்காந்துடுவாரு. ஒரு கண்ணு தெரியாதில்ல, தெரியற கண்ணைத் தெருப் பக்கம் வச்சுக்குவாரு."

மேனேஜர் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்வெட்டர் கையை வெளியே எடுத்து, அதன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் சன்னலைப் பார்த்தார். பேனாவை எடுத்து 'மாமனார்' என்பதை அடித்தார். பக்கத்தில் எதையும் எழுதவில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஆறு ஆச்சும்மா. கிளம்புங்க, அவரு காத்துக்கிட்டு இருப்பாரு."

லேபிளம்மா கிடங்கைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன ஏது என்று கேட்கும் அளவுக்கு அழுதாள். "ஒண்ணுமில்லீங்க, சந்தோஷம்" என்றாள்.

வீட்டு வாசலில் பெரியவர் இருந்தார். உள்ளே கட்டிலில் டிரைவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, வாயைக் கோணிக்கொண்டு கிடந்தார். காலடியில் ஓசி தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கேன்?" என்றார் டிரைவர்.

"கண்றாவியா இருக்கீங்க. எழுந்திருங்க. சொல்லிட்டேன்."

டிரைவர் மூடின கண்ணையும் திறந்தார். "சொல்லிட்டியா? வேலை?"

லேபிளம்மா பெரியவருக்குச் சாப்பாட்டைப் போட்டாள். அவர் தட்டை நக்கி முடிக்கிறவரை காத்திருந்து, குளிர்பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தாள்.

"பெரியவர 'அவரு'ன்னாருங்க" என்றாள்.

முப்பது வருஷம் அவளோடு குடும்பம் நடத்தின மனிதருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "அப்போ திங்கக்கிழமை சாப்பாடு கட்டணும்" என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாகத் திரும்பினார். அதே நேரம் அவளும் ஊசியோடு திரும்பினாள். கம்பெனிக் கடிகாரம் ஏழு காட்டியது. டிரைவர் அப்படியே கட்டிலில் சரிந்தார். பெரியவர் ஊசியைப் போட்டுக்கொண்டு, போய் அவர் கன்னத்தை நக்கினார்.