மாடு ஓடுமா?

போன வெள்ளிக்கிழமை கடையில் வெங்காயம் எடை போட்டுக்கொண்டிருந்தபோது செல்லையா வந்து நின்றான். தாப்பாப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் இருந்த காலத்தில் அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்தவன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஈப்போவில் இருக்கும் அக்காவைப் பார்க்க வந்தவன், ஒரு செய்தி சொல்வதற்காகச் சிலிபினில் இருக்கும் என் கடை வரை தேடி வந்திருக்கிறான். "ஆஸ்பத்திரி சன்னாசி அண்ணன் போயிட்டாருண்ணே" என்றான். வெங்காயம் கேட்ட பெண்ணை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களுக்குச் சன்னாசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே டாக்டர் வேலையைப் பார்த்த டிரெசர் மருந்தை எழுதிவிட்டுப் போய்விடுவார். அதை வாயில் ஊற்றுவது, கஞ்சி கொடுப்பது, வாந்தியை அள்ளுவது, செத்தவனைத் துடைத்துக் கட்டுவது எல்லாம் சன்னாசி அண்ணன்தான். அத்தனை வேலைக்கும் நடுவே அந்த மனிதருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. எந்தச் சொல் கிடைத்தாலும் கடைசி எழுத்திலிருந்து புரட்டிச் சொல்லிப் பார்ப்பார். கங்காணி வருவது தெரிந்தால் "ணிகாங்க வராரு" என்று வார்டுக்குள் குரல் கொடுப்பார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா கசக்கிறது என்று யாராவது துப்பினால், "புரட்டிப் பாருடா, னாயிகொன்னு வருது. நாயிக்குக் கொடுன்னு அதுவே சொல்லுதுலா" என்பார். நடுங்கிக் கிடப்பவனும் சிரித்துவிடுவான், சிரித்த வாயில் மருந்தை ஊற்றிவிடுவார். யானை பூனையா, மோரு போருமோ, மாடு ஓடுமா என்று எப்படிப் புரட்டினாலும் அப்படியே வருகிற சொற்களும் அவரிடம் நிறைய இருந்தன. அவற்றைச் சொல்லும்போது, பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக விரல் மடக்கிக் காட்டுவார்.

அந்த விளையாட்டை நாசமாக்கியவர்கள் நாங்கள்தான். காய்ச்சல் கடுமையாக வந்த ஒரு மழைக்காலத்தில், கஞ்சி என்ற சொல்லைப் புரட்டத் தெரியாமல் விழித்த ஒருவன் மறுநாள் செத்துப்போனான். பிறகு இன்னொருவன். நாங்கள் குடியிருந்த லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது: சன்னாசி கேட்கும் சொல்லைப் புரட்டாதவன் பிழைக்க மாட்டான். அதன் பிறகு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று டிரெசரைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். சொல்லைக் கேளு சன்னாசி என்று நிற்பார்கள். சின்னப்பன் என்று ஒருவர். காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்த மனிதர். என்னவோ கலக்கத்தில் சொல்லைத் தவறாகப் புரட்டினார். அவர் மனைவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டாள். உயிரோடு இருக்கிற மனிதர் தன் சாவுக்கு அழுவதைக் கேட்டுக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்கு மேல் கஞ்சி குடிக்கவில்லை, மருந்தும் இறங்கவில்லை. அவரைக் கொன்றது காய்ச்சல் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சன்னாசி அண்ணன் அன்றோடு விளையாட்டை நிறுத்தினார். நிறுத்த முடிந்ததா? கேட்காவிட்டால், இவன் பிழைக்க மாட்டான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று அதற்கும் அழ ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் மறுபடியும் கேட்கத் தொடங்கினார்.

என் மனைவி பாக்கியத்தை அங்கே கொண்டுபோய்ப் போட்டது அதற்கடுத்த மாதம். அவள் தங்கச்சி, நான், பக்கத்து லயத்துப் பெண்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். அவளுக்குக் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. அவர் குனிந்து, "பாக்கியம், மாடு ஓடுமா. இதைப் புரட்டிச் சொல்லு" என்றார். அவள் காதில் விழுந்ததை அப்படியே முனகினாள்: "மாடு ஓடுமா." கொஞ்சம் பொறுத்து, "ஓடும்" என்றாள். சன்னாசி அண்ணன் விரலை மடக்கி மா, டு, ஓ, டு, மா என்று எண்ணிக் காட்டி, "சரியாச் சொன்னதும் இல்லாம பதிலும் சொல்லுதுலா" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

தங்கச்சி ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். பாக்கியம் குடித்தாள். வீட்டுக்குப் போகப் போகிறோமே, தலை இப்படிக் கிடக்கிறதே என்று சொல்லி எண்ணெய் வைத்துப் பின்னிவிடச் சொன்னாள். அவள் பேசியதைக் கேட்டு, தேறிவிட்டாள் என்றே நான் நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் போயிற்று. அதற்கு மறுநாள் காலையில் போய்விட்டாள். அந்தப் பின்னலோடுதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம்.

காரியம் முடிந்ததும் நேரே போய்ச் சன்னாசி அண்ணனின் சட்டையைப் பிடித்தேன். பிழைப்பாள் என்று சொன்னாயே என்று கத்தினேன். அவர் கையைத் தட்டிவிடவில்லை. "பிழைக்கும்னு நான் சொல்லலையே தம்பி. தேறுற ஆளுக்குக் கஷ்டமான சொல்லாக் குடுப்பேன். போற ஆளுக்கு இந்த மாதிரி ஒண்ணு. கேட்டதைத் திருப்பிச் சொன்னாலே போதும், அதுல தோக்க முடியாது. அழுவுறதுக்கு அப்புறம் எம்புட்டோ நாள் கிடக்கு. காது கேக்குறப்ப எதுக்கு அழுவணும்?" என்றார். எனக்கு அப்போது அது ஆறுதலாக இல்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டா எங்களோடு சேர்ந்து சிரித்தாய் என்று ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் தோட்டத்தை விட்டே வந்தேன். அது அடங்க வெகு காலம் ஆயிற்று.

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இனி அந்த வார்டில் சொல் கேட்க ஆள் இல்லை, ஆகவே சொல்கிறேன். மாடு ஓடுமா என்று கேட்கப்பட்டும் எழுந்து நடமாடுகிறவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உங்கள் விஷயத்தில் அவர் கணக்குத் தப்பியிருக்கிறது. அப்படித் தப்பியதில் அவரைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

செல்லையா சொன்ன மீதியையும் எழுதிவிடுகிறேன். எத்தனையோ பேர் காய்ச்சலைத் துடைத்த மனிதருக்கு அதே காய்ச்சல் வந்து, அதே வார்டில் படுத்தார். பக்கத்துக் கட்டிலில் செல்லையா. வார்டே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் துணிந்து, கங்காணி என்ற சொல்லைப் புரட்டச் சொன்னாராம். அண்ணன் தலையை ஆட்டினாராம். "அது வேணாம்லா. மாடு ஓடுமா, அதைக் குடு" என்றாராம். கொடுத்தார்கள். அப்படியே திருப்பிச் சொன்னார். வார்டில் எல்லாருக்கும் போன உயிர் வந்தது. கஞ்சி ஊற்றினார்கள், குடித்தார்.

"சரியாத்தானண்ணே சொன்னாரு. அப்புறம் எப்புடிப் போனாரு?" என்று செல்லையா என்னைக் கேட்டான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்தேன்.

சன்னாசி அண்ணனின் படம் என்னிடம் இல்லை. அவர் கையால் வாங்கிய பொருளும் இல்லை. பாக்கியம் கஞ்சி குடித்துத் தலை பின்னிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் பேச்சாகவே பேசிக்கொண்டிருந்த அந்தக் கடைசி இரண்டு நாட்கள் இருக்கின்றன. அவற்றை எனக்குக் கொடுத்தவர் அவர். அவருக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அதனால் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.