கோடிட்ட இடம் டீச்சர்

தங்கை ஜெயித்தவை என்னென்ன என்று அக்காவிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தையல் மிஷினை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். முதலாவது, மூச்சு. பிறந்தபோது டாக்டரே உதட்டைப் பிதுக்கிய பிறகு, ஊரையே கூட்டும் அளவுக்கு அழுது காட்டினாள். இரண்டாவது, பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதல் பரிசு. மற்ற பிள்ளைகள் எல்லாரும் விசிலுக்கு முன்பே பாய்ந்துவிட, இவள் மட்டும் கோட்டின் மேல் ஒழுங்காக நின்றிருந்தாள் என்பதையும் அக்கா மறைக்க மாட்டாள். மூன்றாவது, கல்லூரி. அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. அக்காவே எட்டாம் வகுப்போடு தையலுக்கு வந்தவள். நான்காவது, டீச்சர் வேலை. இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் ஒரு படி ஏறும். ஏனென்றால் தங்கைக்குப் பேச்சு திக்கும்.

எல்லாச் சொல்லும் திக்காது. எந்தச் சொல்லில் வண்டி நிற்கும் என்று அவளுக்கே முன்கூட்டித் தெரியாது. ஒரு சொல்லில் மட்டும் தவறாமல் நிற்கும்: அவளுடைய சொந்தப் பெயரில். ஆஸ்பத்திரியில், நூலகத்தில், பள்ளியில் சேர்க்கும்போது, எங்கே பெயர் கேட்டாலும் தங்கை வாயைத் திறப்பாள், பின்னாலிருந்து அக்கா சொல்லி முடிப்பாள். இவளுக்குப் பெயர் வைத்ததே நீ சொல்லத்தானோ என்று அம்மா கேலி செய்வாள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் அக்கா கூடவே போனாள். உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே கைப்பையைப் பிசைந்துகொண்டு நின்றாள். உள்ளே மாதிரிப் பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். “பூமி தன்னைத்தானே” என்று தொடங்கிய தங்கை அங்கேயே நின்றுவிட்டாள். தேநீர் கொண்டுவந்த அம்மாள், தட்டைக் கீழே வைக்காமலே, “சுத்துது” என்றாளாம். தங்கை அவளைப் பார்த்துச் சிரித்து, “ஆமா. அப்போ நமக்கு ஏன் தலை சுத்தல?” என்று கேட்டாள். அந்த அம்மாள் யோசித்தாள். பிறகு தேர்வுக்குழுவும் யோசித்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே எல்லாரும் ஒருவரை ஒருவர் மறித்துப் பேசும் சத்தம் அக்காவுக்கே கேட்டது. தற்காலிக வேலை கிடைத்தது.

அதுவே அவள் பாடம் நடத்தும் முறையாகவும் ஆயிற்று. எங்கே சொல் சிக்குகிறதோ அங்கே நிற்பாள். பிள்ளைகள் முந்திக்கொண்டு நிரப்புவார்கள். யார் சொல்வது சரி என்று அவர்களுக்குள்ளேயே போட்டி. அவளுடைய வகுப்பில் யாருக்கும் தூக்கம் வராது, எந்த நேரத்தில் டீச்சருக்குச் சொல் தேவைப்படும் என்று தெரியாதே. பிள்ளைகள் அவளுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். சீருடைக்கு அளவெடுக்கும்போது, டாக்சிக்காரரின் மகள் வாய்தவறி உளறிவிட்டாள்: “கோடிட்ட இடம் டீச்சர்.” அக்கா அளவு நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தங்கைக்குத் தெரிந்தால் மனம் உடைந்துபோவாள் என்று ஒரு வருடமாக அந்தப் பெயரை அடைகாத்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளையில் தங்கை மதங்களைப் பற்றிப் பாடம் நடத்தினாள். இந்து, இஸ்லாம், கிறித்தவம், பௌத்தம், சமணம், சீக்கியம் என்று சுவரில் ஆறு அட்டைகள். எது எங்கே வேறுபடுகிறது, எது எங்கே கைகோக்கிறது என்று பிள்ளைகளே பேசிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா மதத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள். இரண்டு பெற்றோர்கள் வந்து முறையிட்டார்கள். ஒரு மதத்தைச் சரியாகச் சொல்லவே நல்ல நாக்கு வேண்டும், இந்த அம்மா ஆறையும் எப்படிச் சொல்லப்போகிறார் என்பது அவர்கள் கேள்வி. தலைமையாசிரியை முடிவாகச் சொன்னார்: வரும் வெள்ளிக்கிழமை நானே வந்து பின்னால் உட்காருவேன். சரியாக வந்தால் பாடமும் இருக்கும், வேலையும் நிரந்தரம். வராவிட்டால் அந்த நேரம் கணக்குக்குப் போகும், வேலையும் வருட முடிவோடு சரி.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவுக்கு வகுப்பறையில் திடீரென்று ஒரு வேலை முளைத்தது. திரைச்சீலை தைக்க ஜன்னலை அளக்க வேண்டும். பள்ளியில் திரைச்சீலை வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. தலைமையாசிரியை பார்த்துவிட்டு, பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா ஜன்னலை மேலிருந்து கீழே அளந்தாள், பிறகு கீழிருந்து மேலே அளந்தாள்.

தங்கை ஆரம்பித்தாள். “நமக்கு யாராவது ஒண்ணு செஞ்சா வலிக்குதுன்னா, அதை நாம…”

வண்டி நின்றது.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்நேரம் பத்துக் குரல் எழுந்திருக்க வேண்டுமே. பிள்ளைகள் கைகட்டி, உதட்டை இறுக்கி, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் டாக்சிக்காரரின் மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு, ஊதிய பலூன் மாதிரி இருந்தாள். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. பெரிய டீச்சர் வருகிறார், நம் டீச்சரை மாட்டிவிடக் கூடாது, குறுக்கே ஒருத்தரும் பேசக் கூடாது என்று இவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். நல்லது செய்வதாக நினைத்து, நீச்சல் தெரியாதவளைப் பரிசலில் ஏற்றித் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். அக்காவின் நாக்கு நுனியில் அந்த வாக்கியத்தின் மீதி துடித்தது. பழக்கம் அப்படி. நாடாவின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

தங்கை பிள்ளைகளைப் பார்த்தாள். அந்த உப்பிய கன்னத்தையும் பார்த்தாள். திரும்பி, கரும்பலகையில் தான் சொன்னவரை எழுதி, அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

“எனக்கு நீங்க என்ன பேரு வெச்சிருக்கீங்கன்னு தெரியும்,” என்றாள். “சும்மாவா வெச்சீங்க? நிரப்புங்க.”

பலூன் வெடித்தது. முதலில் சிரிப்பு, பிறகு குரல்கள்.

“அடுத்தவங்களுக்குச் செய்யக் கூடாது டீச்சர். எங்க வீட்ல தினமும் சொல்லுவாங்க,” என்றாள் டாக்சிக்காரரின் மகள்.

பேக்கரிக்காரரின் மகன் அது பாதிதான் என்றான். அவன் போகும் தேவாலயத்தில் திருப்பிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: நமக்கு மற்றவர்கள் என்ன செய்தால் பிடிக்குமோ, அதை நாமே முதலில் அவர்களுக்குச் செய்ய வேண்டும். சும்மா இருந்தால் போதாது. மருந்துக்கடைக்காரரின் மகன் எழுந்து, அடுத்தவங்க என்றால் மனிதர்கள் மட்டும் இல்லை, எறும்பும் சேர்த்தி என்றான். அவன் வீட்டில் எல்லாரும் கீழே பார்த்துத்தான் நடப்பார்களாம். அப்படியானால் கொசு? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தங்கை ஒவ்வொன்றையும் கோட்டுக்குக் கீழே தனித்தனி வரியாக எழுதிக்கொண்டே போனாள்.

கடைசி பெஞ்சிலிருந்து வெல்டரின் மகள் தயங்கிக் கையைத் தூக்கினாள். “எங்க வீட்ல சாமியே கும்பிட மாட்டோம் டீச்சர். ஆனா எங்கம்மா இதைத்தான் சொல்லுவாங்க. சொல்லிக்கிட்டே அடிப்பாங்க.”

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். சிரித்ததை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. தங்கை அந்தப் பெண்ணின் வரியையும் எழுதினாள். அடியை மட்டும் விட்டுவிட்டாள்.

எல்லாம் ஒன்றுதானே, பிறகு எதற்கு ஆறு அட்டை என்று பேக்கரிக்காரரின் மகன் கேட்டான். தங்கை பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் இந்த முறை யாரும் நிரப்பவில்லை, அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவளே முடித்தாள். “எ… எறும்புச் சண்டையே இன்னும் தீரலையே, அதுக்குள்ள எப்படிடா ஒண்ணாகும்? மொதல்ல அதைப் பேசுவோம்.”

மணி அடித்த பிறகும் பேசினார்கள். போகும்போது தலைமையாசிரியை கதவருகில் நின்று, தன் வீட்டில் கொசுவுக்கு விலக்கு உண்டு என்று அறிவித்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “திரைச்சீலை அளவு சரியா வந்துச்சாம்மா?”

“வந்துச்சுங்க,” என்றாள் அக்கா. ஜன்னலின் நீளம் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்காவால் பொறுக்க முடியவில்லை. “அந்தப் பேரு உனக்கு எப்படிடீ தெரியும்?”

“நீ தூக்கத்துல உளறுவ அக்கா,” என்றாள் தங்கை, ஒரு சொல்லும் திக்காமல்.

அதுவரை ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் தற்காலிக ஆசிரியர்களுக்குப் பெயர் கிடையாது. எழுத்தர் ஒரு டிக் போடுவார். திங்கட்கிழமை காலை அவர் நிரந்தர ஆசிரியர்களின் பக்கத்தில் புதிதாகக் கோடு கிழித்து, பேனாவைத் திறந்து, பெயர் என்ன டீச்சர் என்று கேட்டார். அக்கா வாசலில்தான் நின்றிருந்தாள், தைத்த திரைச்சீலையோடு. வாயைத் திறக்கவில்லை. தங்கை சொல்லத் தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கினாள். பின்னால் ஆசிரியர்கள் வரிசை கட்டி நின்றார்கள். எழுத்தர் அவசரப்படவில்லை. முழுப் பெயரும் அவள் வாயிலிருந்தே வந்தது. எழுதி முடித்து அவர் பேனாவை நீட்ட, தங்கை குனிந்து, கட்டத்தை மீறி, பக்கத்துக் கட்டத்திலும் வால் நீளும்படி போட்டாள் தன் கையெழுத்தை.

பக்கத்தில் தேதியும்: 2008, ஜூலை 14.