கறிவேப்பிலைக் கொப்புல இருந்த கூடு

நடந்து பத்து நாளாச்சு. இன்னும் எனக்கு வயிறு எரியுது. யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும்.

எங்க வீட்டுக்காரரு அடைக்கலசாமிக்கு ஐம்பத்தெட்டு வயசு. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குத வேல. "மூச்ச இழுத்துப் பிடிங்க"ன்னு டெல்லி சனத்துக்கெல்லாம் இந்தியில சொல்லியே முப்பது வருசம் ஓடிப் போச்சு. மிச்ச நேரமெல்லாம் வண்ணாத்திப்பூச்சிதான். அதப் படம் எடுக்கும்போது இவுக மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக.

கேமரான்னதும் என்னவோ ஏதோன்னு நினைச்சிராதீங்க. என் தம்பி வேண்டாம்னு போட்ட பழைய சின்னக் கேமரா. முன்னால ஒரு பூதக்கண்ணாடிய பிளாஸ்திரி வச்சு ஒட்டியிருக்கும். பேட்டரி இருபது நிமிசம் தாங்காது. யமுனைக்கரைப் பூங்காவுல முழ நீள லென்சோட வாரவனுக இதப் பாத்து இளிப்பானுக. எனக்குப் பத்திக்கிட்டு வரும். இந்த மனுசனுக்கு உறைக்கவே உறைக்காது. "அவன் தூரத்துல நின்னு எடுக்கான், நான் கிட்டப் போய் எடுக்கேன், அம்புட்டுதான்"ம்பாக.

மயூர் விஹார்ல எங்களுக்குத் தரைத்தள வீடு. வாசல்ல ஒரு கறிவேப்பிலை மரம். அக்கம்பக்கத்துப் பிளாக்குல இருக்குத தமிழ்க் குடும்பம் அம்புட்டுக்கும் அதுதான் கறிவேப்பிலை. யாரும் கேக்க மாட்டாங்க, வந்து ஒடிச்சுட்டுப் போவாங்க. நாங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். அந்த மரத்துலதான் கறிவேப்பிலை அழகின்னு ஒரு கறுப்பு வண்ணாத்திப்பூச்சி முட்டை போடும். முட்டை, புழு, கூடு எல்லாத்தையும் படம் எடுத்துட்டாக. கூட்டப் பிச்சுக்கிட்டுப் பூச்சி வெளிய வருத படம் மட்டும் ஆறு வருசமா வாய்க்கல. அது பொறக்குறது காலையில. காலையில இவுகளுக்கு டூட்டி, ஞாயித்துக்கிழமைன்னா பூசை. திரும்பி வந்து பாத்தா வெறுங்கூடு தொங்கும். அன்னைக்கு முழுக்க இவுகளுக்குச் சோறு இறங்காது.

அந்தச் சனிக்கிழமை ஒரு கூடு கறுத்துப் போச்சு. உள்ள றெக்கையே தெரியுது.

"தெரசா, நாளைக்குக் கண்டிப்பாப் பொறந்துரும். நான் பூசைக்கு வரல"ன்னாக.

"சேசுவே! பூச்சிக்காகப் பூசைய விடுவீங்களா?"ன்னு ஏசுனேன். காதுல வாங்குனாத்தானே. ஒரு அட்டையில பெருசா எழுதிக் கொப்புல கட்டுனாக: "இந்தக் கொப்பை ஒடிக்காதீங்க. உசுர் இருக்கு." இந்தியிலயும் எழுதலாம்லான்னு கேட்டேன். "கறிவேப்பிலை ஒடிக்கது நம்மாளுகதான். நம்மாளுக்கு எதுக்கு இந்தி?"ன்னாக. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை அஞ்சரை மணிக்கே ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டாக. ஆறே முக்காலுக்குக் கூடு லேசா ஆட ஆரம்பிச்சிச்சு. அந்த நேரம் பாத்துப் பேட்டரி செத்துப் போச்சு. சார்ஜர்ல கிடந்த இன்னொண்ண எடுக்க உள்ள ஓடி வந்தாக. ரெண்டு நிமிசம் இருக்குமா? திரும்பிப் போனா கொப்பக் காணோம். அட்டை மட்டும் தரையில கிடக்கு.

போட்டாக பாருங்க ஒரு சத்தம்! பூசைக்குச் சேலை கட்டிக்கிட்டு இருந்தவ கொசுவத்த அப்படியே சொருகிட்டு வாசலுக்கு வந்தேன். கல்யாணமாகி இத்தன வருசத்துல இந்த மனுசன் கத்தி நான் கேட்டதில்ல. மூணு வீடு தட்டிக் கேட்டு, நாலாவதா எதுத்த பிளாக் ருக்மிணி மாமி வீட்டுக்குள்ள செருப்போட நுழைஞ்சுட்டாக. பின்னாலயே நானும் ஓடுனேன். அடுப்பு மேடையில உருவிப் போட்ட இலைக்கு நடுவுல பூச்சி பொறந்து கிடக்கு. தொங்குறதுக்குக் கொப்பு இல்லாம றெக்கை விரியல. பிழிஞ்சு போட்ட கறுப்புத் துணி கணக்கா அப்படியே ஒட்டிப் போச்சு.

"பேட்டரிதான் மாத்தியாச்சே, இதையாவது எடுங்களேன்"னேன்.

"ஆஸ்பத்திரியில நாள் பூரா உடைஞ்சதத்தான் எடுக்கேன். இத எடுக்க மாட்டேன்"னாக.

எனக்கு மாமி மேல வந்துச்சே ஆத்திரம்! "கண்ணு அவிஞ்சா போச்சு? அட்டை அம்மாம் பெருசா தொங்குச்சே!"

"என்ன தெரசா, ஒரு ஆர்க்கு கறிவேப்பிலைக்கு இந்தக் கத்தல் கத்தறே? ஸ்வப்னாதான் பறிச்சுண்டு வந்தா"ன்னாக மாமி. ஸ்வப்னா மாமி மக. இங்கேயே பொறந்து வளந்தவ, பெரிய கம்பெனியில வேல.

"சாரி ஆன்ட்டி. போர்டு பார்த்தேன். எனக்குத் தமிழ் படிக்க வராது"ன்னா.

"பொண்ணுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கத் துப்பில்ல, எங்க கறிவேப்பிலை மட்டும் மணக்குதோ?"ன்னு மாமி மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். மாமி முகம் செத்துப் போச்சு. அப்பவும் எனக்கு அடங்கல. ஸ்வப்னா பக்கம் திரும்புனேன். "வாசிக்க வரலைன்னா வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டேன் ஆன்ட்டி. அகஸ்டின் கேட் பக்கத்துல நின்னான். க்யா லிகா ஹை, என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். 'பதா நஹி, தெரியல. டாடி ஏதாவது மருந்து அடிச்சிருப்பார், கழுவிக்கோ'ன்னான்."

அகஸ்டின் எங்க ஒத்த மகன். இருபத்திநாலு வயசு. சத்தம் கேட்டு அவனும் வந்து மாமி வீட்டு வாசல்லதான் நிக்கான்.

"எலேய், அப்பா எழுதுனத வாசிக்கத் தெரியாதா உனக்கு?"

"எப்படித் தெரியும் மம்மி? நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க?" கோவமா எல்லாம் சொல்லல. சும்மா சொன்னான்.

ஆமா, நான்தான் சொன்னேன். அவனுக்கு அஞ்சு வயசுல தமிழ்ப் பள்ளிக்கூடம் பத்து நிமிச நடையில இருந்துச்சு. அங்க சேப்போம்னு இவுக தலபாடா அடிச்சுக்கிட்டாக. தமிழப் படிச்சு டெல்லியில என்னத்தக் கிழிக்கப் போறான்னு மூணு நாள் பட்டினி கிடந்து, இங்கிலீஷ் ஸ்கூலுக்குக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனது நான்தான்.

மாமி என்னையே பாத்துக்கிட்டு நிக்காக. இவுக பூச்சிய உள்ளங்கையில வச்சுக்கிட்டு என் பக்கம் திரும்புனாக.

"ஊரையெல்லாம் கத்துனீங்கல்லா, என்னையும் ரெண்டு ஏசுங்களேன்!"னு கத்துனேன்.

இவுக ஏசல.