மாயா மாஷியின் வெல்வெட் தட்டு

லேக் மார்க்கெட்டில் இன்று ஒரு கடைக்காரர் பித்தளை ஃபில்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த பாலிஷ் வாடை மூக்கில் ஏறியதும், லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த, இன்று இடித்து அடுக்குமாடியாகிவிட்ட வீட்டின் கீழறைக்குப் போய்விட்டேன்.

அங்கே இருந்த மாயா மாஷி வங்காளக் கிறிஸ்தவள்; மாஷி என்றால் அவர்கள் பேச்சில் சித்தி. கோட்டுக் காலரில் குத்திக்கொள்ளும் சிலுவைப் பின்களை விற்றுப் பிழைத்தாள். வட்டம் கோத்த அயர்லாந்துச் சிலுவை, எட்டு முனை மால்டா சிலுவை, அடி வளைந்து நங்கூரம் போலிருக்கும் பழஞ்சிலுவை எல்லாம் நீல வெல்வெட் தட்டில் மினுங்கும். ஞாயிறு மாலைகளில் அவள் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தர, நான் வாங்கி வெல்வெட்டில் குத்திக்கொண்டே இருப்பேன்.

ஒரு துர்கா பூஜை சமயம் அவள் அறைக்கு வெள்ளையடித்தார்கள். தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆயுத பூஜையன்று அம்மா தையல் மெஷின், அரிவாள்மணையோடு அதையும் சேர்த்து, ஒவ்வொரு சிலுவைக்கும் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டாள்.

"அவா சாமிடீ அது! என்ன பண்ணி வெச்சிருக்கே?" அப்பா பதறிப்போனார்.

"அவ பொழைக்கறதே இதுலதானே? பொட்டு வைக்காம எப்படி விடறது?" என்றாள் அம்மா.

மாஷி வந்து பார்த்தாள். அப்பா அவசரமாகத் துணியை எடுத்தார். "தாக்," என்று கையமர்த்தினாள், இருக்கட்டும் என்று. நங்கூரச் சிலுவையை எடுத்துப் புடவையில் குத்திக்கொண்டாள்.

பிறகு ஞாயிறுதோறும் அதோடுதான் சர்ச்சுக்குப் போனாள். மாலையில் மற்றதையெல்லாம் தேய்ப்பாள். குங்குமம் கறுத்துப்போன அந்த ஒன்றை மட்டும் கடைசிவரை தேய்க்கவேயில்லை.