பழைய சூப்புக்கு வருஷத்துக்கு ஒரு பெயர்

எனிட் கிளெக்குக்குச் சமைக்க வந்த அளவுக்குக் கதை கட்ட வராது. இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் சின்ன ஊரில், வியாழக்கிழமைதோறும் வயதானவர்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போட இரண்டும் வேண்டியிருந்தது.

சாப்பாடு மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில். உருளைக்கிழங்கு சூப், ரொட்டி, கஸ்டர்ட் ஊற்றிய ஆப்பிள் பை. வருகிறவர்கள் பெரும்பாலும் துணையைப் பறிகொடுத்தவர்கள். காய்கறிக்கு எப்படியோ வழி பிறந்துவிடும். கூடத்தைச் சூடாக்கும் கேஸுக்குத்தான் கேல்தார்ப் குடும்ப அறக்கட்டளையிடம் போக வேண்டும்.

கேல்தார்ப்காரர்களின் துண்டு நெய்யும் ஆலையில் எனிட் பதினைந்து வயதில் சேர்ந்தவள். ஆலை மூடியது, குடும்பத்தின் பணம் மூடவில்லை. அதிலிருந்து ஊர்ச் சங்கங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பார்கள். ஒரே விதி: நடந்துகொண்டிருப்பதற்குக் கிடையாது, புதிதாகத் தொடங்குவதற்குத்தான்.

எனவே எனிட் வருஷாவருஷம் ஏதாவது தொடங்கினாள். யுகுலேலி என்ற குட்டி கிட்டார், நாற்காலி யோகா, துணியில் வாழ்க்கைக் கதை தைப்பது. ஒவ்வொன்றுக்கும் வரும் பணத்தில் கூடத்தின் செலவுக்கென்று ஒரு பங்கு உண்டு. அதில்தான் கூடம் சூடானது.

"இந்த வருஷம் என்ன கத்துக்கணும் எனிட்? கம்பி மேல நடக்கறதா?" என்பார் வில்ஃப். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"உன் இடுப்புக்கு அது ஒண்ணுதான் பாக்கி. சூப்பைக் குடி."

போன இலையுதிர்காலத்தில் குடும்பத்தின் பேத்தி ஃபிலிப்பா பார்வையிட வந்தாள். நல்ல பெண், இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள்.

"இந்த வருஷம் புதுசா என்ன பண்றீங்க எனிட்?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அதே சூப், அதே ஆளுங்க, ரெண்டு பேர் குறைச்சல். கேஸுக்குக் குடுங்க."

நான் பின்னால் கஸ்டர்ட் கிண்டிக்கொண்டிருந்தேன். "யோகான்னு சொல்லித் தொலையேன்டி" என்று முணுமுணுத்தேன். அவள் திரும்பவில்லை.

ஃபிலிப்பா சிரித்தாள். எனிட் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒரு வளர்ச்சி தெரியணும்னு மத்தவங்க கேப்பாங்களே."

"இந்த வயசுல என்னம்மா வளர்ச்சி? அடுத்த வாரமும் வந்தாங்கன்னா அதான் வளர்ச்சி."

அறக்கட்டளையின் மறுப்புக் கடிதம் மிகவும் மரியாதையாக வந்தது. கிறிஸ்துமஸ் வரை எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்து, கையுறையோடு கரண்டி பிடித்தார்கள். ஜனவரியில் கூடத்தைப் பூட்டினோம். யுகுலேலிகள் இன்னும் அங்கே அலமாரியில் இருக்கின்றன. வில்ஃப் முதியோர் இலவச பாஸை வைத்துக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை பஸ்ஸில் போய்த் திரும்புகிறார். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறதாம்.

மார்ச் மாதத்தில் ஓர் இளம்பெண் எனிட் வீட்டுக் கதவைத் தட்டினாள். நானும் அங்கே இருந்தேன். முதியவர்களின் தனிமையைப் பற்றி வீடு வீடாக விசாரிக்கிறார்களாம். புதுத் திட்டம், கேல்தார்ப் உதவி. எனிட் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, பிஸ்கட் தட்டையும் நகர்த்தி வைத்தாள்.

"வாரத்துல ஒரு நாளாவது வெளிய எங்கயாவது போவீங்களா?"

"போய்ட்டிருந்தேன்."

"எங்கங்க?"

"அது பழசு கண்ணு," என்றாள் எனிட். "உங்களுக்கு ஆகாது. பிஸ்கட் எடுத்துக்கோ."